பாட்டின் நடுவே ஒரு பொன்னாடை

ஆர்வக்கோளாறும் ஒரு வியாதிதான் என்று கண்டுபிடித்திருந்தால், மெடிக்கலிலேயே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். துபாய் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

நான் ப்ரொபேஷனில் இருந்த நேரம். மேனேஜர் மார்ட்டின் இங்கிலாந்துக்காரர். எனக்கு வேலை நிரந்தரமா, ஊருக்கு ஃபிளைட்டா என்பது அவர் கையில். (எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் அந்தச் சேதிக்காகத்தான் காத்திருந்தார்கள்.) அலுவலகக் கலாசார தினத்தில் எல்லோரும் அவரவர் நாட்டு உடையில் மினுக்க, அவர் மட்டும் வழக்கமான சட்டையில் வந்தார். "எங்களுக்கு இப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் பழைய நாட்டுப்பாட்டு இருக்கிறது, அதையும் எங்கள் ஆட்களே கேட்பதில்லை" என்றார். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் சிலர் கூடிப் பாடுவார்களாம். என்னையும் அழைத்தார்.

நான் தங்கியிருந்த தேரா பகுதியில் என் ரூம்மேட் காதர் அண்ணனிடம் சொன்னேன். "பெரிய மனுசரு பாடுறாரு, வெறுங்கைய வீசிட்டா போவ? ஒரு பொன்னாடை வாங்கிக்கடா" என்றார். சரிகை போட்ட சிவப்பில் ஒன்று வாங்கினேன்.

மார்ட்டின் பாட எழுந்தார். தாளமில்லை, மேளமில்லை. ஒரு காதைக் கையால் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கடலில் மூழ்கிய மாலுமி ஒருவனைப் பற்றி முடிவில்லாமல் பாடினார். மற்றவர்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு 'ஆகா' இல்லை. எனக்குத் தாங்கவில்லை. மனுஷன் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார், ஒரு மரியாதை வேண்டாமா? நம் ஊரில் பாட்டு உச்சத்தில் இருக்கும்போதே மேடையேறிப் போர்த்துவதுதானே வழக்கம். போர்த்தினேன், பின்னாலிருந்து. (முன்னால் போனால் மற்றவர்களுக்கு மறைக்குமே என்ற நாகரிகம்.)

அந்த மாலுமிகூட அப்படி அலறியிருக்க மாட்டான். மார்ட்டின் துள்ளியதில் பொன்னாடை முகத்தை மூடிக்கொள்ள, தடுமாறி, அக்கார்டியன் வைத்திருந்த அம்மாள் மடியில் போய் விழுந்தார். அக்கார்டியன் வெகுநேரம் முனகியது. பாட்டு நடக்கும்போது இங்கே தண்ணீர் கிளாஸைக்கூட எடுக்க மாட்டோம் என்று ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ட்டின் எழுந்து சரிகையைத் தடவிப் பார்த்தார். "இது எதற்கு?"

"பாடுறவருக்கு மரியாதை சார். எங்க ஊர் வழக்கம்."

"இத்தனை வருஷமாகப் பாடுகிறேன். இதுவரை யாரும்..." என்று நிறுத்திவிட்டு, பொன்னாடையைக் கழற்றாமலே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஒரு வரி விடவில்லை.

வேலை நிரந்தரமானது, கல்யாணமும் ஆனது. இன்றும் நான் பாத்ரூமில் வாயைத் திறந்தால், "பொன்னாடை எடுத்துட்டு வரவா?" என்று மனைவி கதவைத் தட்டுகிறாள்.

போன மாதம் லண்டனிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாடினாள். பாட்டின் நடுவே மார்ட்டின் சத்தமில்லாமல் பின்னால் போய்ப் போர்த்தினார். அவள் அலறினாள்.

"பயப்படாதே, இது நம் இங்கிலாந்தின் பழைய வழக்கம்" என்றார்.

"தெரியும், எங்கள் தாத்தா ஊரில்கூட உண்டு" என்றாள் அவள்.