சுத்தமான முட்டை

எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களை விருந்தில் சுலபமாக அடையாளம் காணலாம். பல வருஷமாகக் கவனித்திருக்கிறேன்: தட்டு வந்ததும் மற்றவர்கள் கரண்டியை எடுப்பார்கள், இவர்கள் தட்டை லேசாகத் திருப்பி வைத்துவிட்டு யோசிப்பார்கள். பால், முட்டை, இறைச்சியில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நரைத்த இனம் இது. பிறந்தநாள் வீட்டில் காபியோடு கேக் வந்தால் வெண்ணெய் எந்தப் பண்ணை என்பார்கள், பாலாடைக்கட்டி வந்தால் மாடு எந்த வயலில் மேய்ந்தது என்பார்கள், குழந்தை பிஸ்கட் நீட்டினால் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். சாப்பிடமாட்டார்களா? சாப்பிடுவார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு உயிரோடு இருந்தால்.

நான் அங்கே கண்ணாடிக் குப்பி கழுவுகிறவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். இந்த வியாதி தொற்றுவதற்குப் படிப்பு தேவையில்லை.

பக்கத்து வீட்டு ஃபோக்யே வாசலில் பெட்டி வைத்து முட்டை விற்பவள். நான் ஒரு குறை சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு பேச வராது. ஒரு முட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போவேன். போதாதா? ஆய்வுக்கூடத்துக்காரியே வாங்கவில்லை என்று, நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் தெரு முழுக்க வாங்குவதை நிறுத்திவிட்டது.

ஒரு நாள் ஃபோக்யே கூடையோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"இந்தா சிட்ஸ்கே. நீ பாத்த பார்வையில என் பொழப்பு போச்சு. மிஷின்ல போட்டுப் பாத்துட்டு வாயத் தொறந்து சொல்லு."

சந்தேக முட்டைக்கு முன்னால் மருந்தே படாத முட்டை ஒன்றை இயந்திரத்தில் ஓட்டி, அதோடு ஒப்பிடுவது எங்கள் முறை. அன்று அது தீர்ந்திருந்தது.

"சுத்தமான முட்டைக்கு எங்க போறது?" என்றார் வேதியியலாளர் ஹில்கே.

"என் கோழி முட்டை இருக்கு" என்றேன். அந்த வருஷத்தில் நானாக வாய் திறந்தது அப்போதுதான்.

என் முட்டையை ஓட்டினோம். மருந்து இல்லையென்றால் கோடு நேராகப் போகவேண்டிய இடத்தில் திரையில் ஒரு கூம்பு எழுந்தது. ஹில்கே இயந்திரத்தைத் திட்டினார். நான் கழுவிய குப்பியைக்கூடச் சந்தேகப்பட்டார், நானும் சேர்ந்து சந்தேகப்பட்டேன். என் முட்டையை மட்டும் இருவருக்கும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மறுபடி ஓட்டினோம். கூம்பு இன்னும் அழகாக எழுந்தது. மறுநாள் வேறு முட்டை தருவித்து ஓட்டியபோது அதுவும் நேர்கோடு, ஃபோக்யே முட்டையும் நேர்கோடு.

"உன் முட்டையில இருக்கிறது தெள்ளுப்பூச்சி மருந்து. உன் நாய்க்கு அத விடுவியா?" என்று கேட்டார் ஹில்கே.

"பிடரியில ரெண்டு சொட்டு."

"அது எங்க படுக்கும்?"

நான் குப்பி கழுவப் போய்விட்டேன். கோழிக்கூண்டு வைக்கோலில் படுக்கும். கோழிகளுக்குக் காவலாக நானே பழக்கியது.

விஷயம் தெரிந்ததும் ஃபோக்யே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "ஏன்டி, இனிமே உன் முட்டைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. உள்ள நாய் தெரியும்."

நீங்களும் சிரிக்கிறீர்கள். கடைசியாக யாரோ தட்டு நீட்டியபோது "இப்பதான் சாப்பிட்டேன்" என்றீர்களே, நிஜமாகவே சாப்பிட்டிருந்தீர்களா? உங்கள் அடுப்படியை இன்னும் யாரும் இயந்திரத்தில் ஓட்டவில்லை, அவ்வளவுதான்.

ஃபோக்யே இப்போது பெட்டி மேல் 'சிட்ஸ்கே முட்டையைவிடச் சுத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறாள். மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. வேலை முடிந்து நான் போகும்போது எனக்குக் கிடைப்பதில்லை.