ராமாயி ஊட்டுப் புங்கமரமும் நீ அனுப்பிய தொட்டிலும்

வேலம்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பேரன் முகிலனுக்கு, அம்மாயி மயிலாத்தாள் எழுதுவது. இங்கே நானும் வேப்பமரமும் நலம். பெங்களூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அவிநாசியப்பரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மாயி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அஞ்சாம் வகுப்பில் என் கையெழுத்தைத்தான் வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். படிக்க உனக்குக் கஷ்டம் இருக்காது.

கண்ணு, சிமெண்ட் சீட்டு வெக்கையில் அம்மாயிக்கு மதியத் தூக்கம் போய்விட்டதென்று நீ அனுப்பிய தொங்கு தொட்டில் வந்து சேர்ந்தது. மரத்தில் சுற்றிக் கட்டும் பட்டைகள் லாரிக்குக் கட்டுகிற மாதிரி உறுதிதான். ஆனால் தொட்டிலுக்கு இரண்டு மரம் வேண்டும் என்று யோசித்தாயா? நம் வாசலில் கனம் தாங்கும் மரம் வேம்பு ஒன்றுதான். மறுபக்கத்தை முருங்கையில் கட்டினேன். உட்காரும்வரை மரியாதையாக இருந்த கிளை, காலைத் தூக்கியதும் காயும் பூவுமாக மடியில் வந்து விழுந்தது. வாரம் முழுக்க முருங்கைக்காய்க் குழம்புதான். அடுத்து இரும்புக் கேட்டில் கட்டினேன். கண்ணை மூடிய நேரம் சிலிண்டர்காரர் கேட்டை உள்ளே தள்ள, பட்டை தளர்ந்து, நான் மெதுவாகத் தரைக்கு வந்துவிட்டேன். "ஏனுங்க ஆத்தா, கீழ படுத்திருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிலிண்டரை வைத்துவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம் ராமாயி ஊட்டுப் புங்கமரம். அந்தக் காலத்தில் நானும் அவளும் மண்ணரையில் ஒரே பனியன் கம்பெனி, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் பக்கத்துப் பக்கத்து மேசை. மதியம் சோற்றுப் போசியை மூடிவைத்துவிட்டு, கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைமேல் ஒரே சாய்வாகத் தூங்குவோம். எழுந்ததும் ஒருத்தி தலையில் ஒட்டிய பஞ்சை இன்னொருத்தி எடுத்துவிட்டுத்தான் சூப்பர்வைசர் கண்ணில் படுவோம். அந்தத் தூக்கம் அப்புறம் எந்த மெத்தையிலும் வரவில்லை. போன பொங்கலுக்கு நான் துணி துவைத்த தண்ணீர் அவள் வாசலுக்கு ஓடிவிட்டது, அன்றிலிருந்து பேச்சில்லை. பேசினாலும் ஊருக்குப் புதுசாக வந்தவளிடம் பேசுவதுபோல 'ங்க' போட்டுத்தான்.

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு முனையை நம் வேம்பிலும் மறுமுனையை வேலி தாண்டி அந்தப் புங்கையிலும் கட்டிப் படுத்தேன். திரும்பி வந்து தலைமாட்டில் நிற்கிறாள்.

"யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?"

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அகலப் பட்டை."

"மரம் எங்களுதுங்க. அப்பப் பாதித் தூக்கமும் எங்களுதுதானுங்க. முன்னால நான் படுத்துக்கறேன், பொறகு நீங்க படுங்க."

"நீங்க எந்திரிக்கறதுக்குள்ள பொழுதே எறங்கிருமுங்களே."

"அதுக்கு எம்மரம் என்னங்க பண்ணும்?"

இது நியாயமா கண்ணு? வருகிற லீவில் வந்து நம் வாசலில் ஒரு இரும்புத் தூண் நட்டுக் கொடு. அவள் மரத்துத் தயவில் வரும் தூக்கம் எனக்கு வேண்டாம்.

உன் கைகால் சுகமாக இருந்து, மனசுக்குப் பிடித்த பெண் அமைந்து, என் கண் தெரியும்போதே கல்யாணம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாயி மயிலாத்தாள்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்தது. இன்று என் முறை வந்ததும் போனால், ராமாயி தொட்டிலில் வாயைத் திறந்து தூங்குகிறாள். எழுப்பத்தான் போனேன், மனசு வரவில்லை. புங்க நிழலில் பாயை விரித்துச் சும்மா தலையைச் சாய்த்தேன். "ஏ மயிலா, எந்திரி புள்ளே, வெளக்கு வெக்கற நேரமாச்சு" என்று அவள் உலுக்கியபோதுதான் விழித்தேன். அதனால் தூண் வேண்டாம். இன்னொரு தொட்டிலும் அனுப்பிவிடாதே. அதை அவள் தன் வாசலிலேயே தனியாகக் கட்டிக்கொள்வாள்.