மாப்பிள்ளை அனுப்பிய ரேடான் டப்பா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு உங்கள் மச்சான் எழுதுவது. அங்கே தங்கையும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள், இருங்கள். இங்கும் சுகமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் அனுப்பிய டப்பா அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டது.

ஊரில் மாப்பிள்ளைகள் மச்சானுக்குப் போர்வை அனுப்புவார்கள். நீங்கள் அனுப்பியது உள்ளங்கையளவு கறுப்பு டப்பா. பாறையிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியுமாம், நிறம் கிடையாதாம், வாசனை கிடையாதாம், வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வருமாம், மலை வீடுகளில் கீழ் அறையில்தான் அதிகம் தேங்குமாம், அதை அளக்கத்தான் இந்த டப்பாவாம். அந்தக் கீழ் அறையைப் பாறையில் குடைந்து கட்டியவனே நான். ஆயுள் முழுக்கக் கல்லுடைத்தவன். எனக்குச் சோறு போட்ட பாறை எனக்கே விஷம் வைக்குமா? இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்தி, என் கட்டிலருகே வைத்தேன். மறுநாள் டப்பாவைக் காணோம். எலி மருந்து என்று நினைத்து என் வீட்டுக்காரி மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தாள். மீட்டு வந்து பழைய இடத்திலேயே வைத்து, நீங்கள் சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத் தபால் ஆபீஸ் போனேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள், உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீடு விஷவாயு வீடு. பால்காரர் பாலை வாசல் கேட்டிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார். சாயங்காலம் சீட்டாட வந்த கூட்டம் தையல்காரர் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

முடிவும் வந்தது. வீட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அளவைப் போல நாலு மடங்காம். கொட்டகையில் கிடந்த டப்பா, அது மாட்டுக்கு வந்த ரேடான் என்றேன். வீட்டுக்காரி சிரிக்கவில்லை. நேரே மகளுக்குப் போன் போட்டாள். கைக்குழந்தையோடு வந்து குளிர்காலம் முழுக்க அந்த அறையில் இருப்பதாகச் சொன்ன மகள், அறையைச் சரிசெய்த பிறகுதான் வருவாளாம்.

"நீ வளர்ந்ததே அந்த ரூம்லதானே, உனக்கு என்ன ஆச்சு?" என்றேன், போனைப் பிடுங்கி.

"எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. நீங்க இருமுறதுதான் போன்லயே கேக்குது."

போனை வைத்துவிட்டேன். பேத்திக்கு நானே இழைத்துச் செய்த தொட்டிலில் இப்போது பூனை தூங்குகிறது. எல்லாம் உங்கள் புண்ணியம். தரைக்கடியில் குழாய் பதித்து, விசிறி வைத்து வாயுவை வெளியே இழுக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த விசிறியை உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இனி டப்பா, குழாய், புத்திமதி எதுவும் என் படியேறக் கூடாது.

தங்கைக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் ஆறியதும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: போன வாரம் உறையை ஒட்டும் நேரத்தில் பாலர் பள்ளி ஆசிரியை வந்தார். பள்ளியும் இதே பாறையில் குடைந்த கீழ்த்தளம்தான். "பசங்க மத்தியானம் தரையிலதான் படுக்குறாங்கய்யா. அந்த டப்பா எங்க கிடைக்கும்?" என்றார். எல்லாம் மாப்பிள்ளையின் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. ஆகவே டப்பாக்கள் அனுப்புங்கள், ஊருக்கே போதுமானதாக. குழாய் பதிப்பவரைக் கையோடு கூட்டி வாருங்கள். துளை போடுவது என் பொறுப்பு. பாறை என் பேச்சைக் கேட்கும். என் கட்டில் மாடிக்கு ஏறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் இப்போது மத்தியானத்தில் எங்கள் மாடியில்தான் தூங்குகிறார்கள். வரும்போது சத்தம் போடாமல் வாருங்கள்.