எலிக்கு முளைத்த முடி

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஊரிலுள்ள வழுக்கைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூடிவிட்டதால் விளக்குப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மேடையில் ஜீன் சாமியார். பழைய சாமியார்கள் பேய் ஓட்டினார்கள். இவர் படித்தவர்களுக்கான சாமியார், ஜீனை எழுப்புகிறார்.

"யானையோட பாட்டன் பூட்டனுக்கு உடம்பெல்லாம் முடி. திமிங்கிலத்தோட முன்னோருக்கும் அப்படித்தான். அந்த ஜீன் சாகலை, தூங்குது. உங்க தலையிலயும் அதே கதைதான்."

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியின் முதுகில் ஏறித்தான் மீதிப் பொய் வந்து சேர்ந்தது. முடியே இல்லாத எலியைக் கூடையில் விட்டுத் துணி போர்த்தி ஓதினார். துணியை எடுத்தால் எலிக்குப் புசுபுசுவென்று முடி. கூட்டம் உருகியது.

கூட்டத்திலிருந்த தையல்காரர் ஒருவர், முடி கொட்டிப்போன மனைவியின் தைராய்டு மாத்திரைகளை அன்றைக்கே மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். மருந்து உள்ளே போனால் ஜீன் எழாது என்பது சாமியார் வாக்கு. மூன்று வாரத்தில் முடி முளைக்கவில்லை, அவள் முகம்தான் வீங்கியது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. அவருக்கும் பயம்தான். ஆனால் எலியைக் கண்ணால் பார்த்தாரே.

ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் மைத்துனி விஷயம் கேட்டு ஓடி வந்தாள். "மாமா, அந்த எலி எங்ககிட்ட நாப்பது இருக்கு. ஜீன்லயே கோளாறு, செத்தாலும் முடி வராது. அக்காவுக்கு முடி கொட்டுனது தைராய்டால. ரெண்டையும் முடிச்சுப் போட்டவரை நான் பார்க்கணும்."

அடுத்த கூட்டத்தில் அவளே மேடையேறினாள். "சாமி, எலியை நான் விடட்டுமா?" விடும்போது பையிலிருந்த சின்னக் கருவியால் அதன் இடது காதில் ஒரு ஓட்டை போட்டாள். எந்த எலி எது என்று தெரிய அவள் தினமும் செய்கிற வேலை அது.

ஓதி முடித்து முடியுள்ள எலியைச் சாமியார் கையில் தூக்கினார். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"காது ஓட்டை எங்க சாமி?"

"அருள்ல ஆறிடுச்சும்மா."

"சரிதான்" என்று கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். அடியில் மறைத்திருந்த பொய்த்தட்டு கழன்று, ஓட்டைக் காதோடு மொட்டை எலி அவர் மடியில் விழுந்தது.

தையல்காரர் வீட்டுக்கு ஓடி டிராயரைத் திறந்தார். மாத்திரையும் தண்ணீரும் தானே நீட்டினார். "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"மூணு வாரமா முடியலைன்னு நான் சொன்னேன், நம்பலை" என்றாள் மனைவி. "எலி சொன்னதும் நம்புறீங்க."

மண்டபத்தில் இன்னும் சிலர் எண்ணெயாவது கிடைக்குமா என்று நிற்கிறார்களாம். தூங்குகிற ஜீனை எழுப்பப் போனவர்களே, முதலில் நீங்கள் எழுந்திருங்கள்.