சேவலுக்கு நான் வைத்த விரதம்

பக்தியின் பெயரால் பிறரைப் பட்டினி போட்டவர்களில் நானும் ஒருவன். (நான் பட்டினி கிடந்ததில்லை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாமாவுக்கு நெஞ்சில் ஒபரேசன் நடந்தபோது, அவர் தப்பினால் ஊர் முருகனுக்குச் சேவல் விடுவதாக மாமி நேர்ந்திருந்தா. மாமா தப்பினார், சேவலும் வளர்ந்தது. அந்த நேரம் பார்த்து மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மாமி வவுனியா போகவேண்டி வந்தது. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து, சேவலையும் ஒரு பை கருவாட்டையும் தந்தா.

"தம்பி, இது இறகு கொட்டிற காலம். கருவாட்டை உப்புப் போகக் கழுவி, இடிச்சு, தவிட்டோடை குழைச்சுக் குடுங்கோ. வெளியிலை விட்டால் கறையானும் பொறுக்கும். அப்பதான் புது இறகு வடிவா முளைக்கும்."

"ஓம் மாமி" என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

மாமியின் பஸ் புறப்பட்டதும் எனக்கு ஞானம் பிறந்தது. முருகனின் கொடியில் நிற்கும் பறவை கருவாடு தின்னலாமா? சேவலைச் சீமெந்துத் தரையில் கூட்டுக்குள் அடைத்து, சோறும் பப்பாசிப்பழமும் வைத்தேன்.

"அம்மா சொன்னதைச் செய்யுங்கோவன்" என்றாள் மனைவி.

"கோயிலுக்குப் போறது, சுத்தமாய்ப் போகட்டும்."

கருவாடு வீணாகக்கூடாதே என்று அதைப் பொரித்து நானே சாப்பிட்டேன். (சேவலுக்கென்று மாமி குறை வைக்கவில்லை. நல்ல கட்டா மீன் கருவாடு.)

இறகு கொட்டியது, முளைக்கவில்லை. விழுந்த இறகைச் சேவலே பொறுக்கித் தின்றது. கூட்டைத் தானே துப்புரவாக்குகிறது என்று மெச்சினேன். அது பசி என்று விளங்கவில்லை.

நேர்த்தி நாளன்று மாமி பஸ்ஸால் இறங்கி நேரே கோயிலுக்கு வந்தா. நான் கொண்டுபோன கூடையின் சாக்கை விலக்கினா. சேவலின் வாலும் கழுத்தும் வெறுந்தோல்.

"அக்கா, பாதி உரிச்சோ கொண்டந்தனீங்கள்?" என்றார் பக்கத்தில் நின்றவர். சனம் சிரித்தது.

மாமி சிரிக்கவில்லை. "இவரைத் திருப்பித் தந்த முருகனுக்கு இதையோ குடுக்கிறது" என்று மெல்லச் சொன்னா. கண் கலங்கியிருந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, அந்தக் கருவாடு?" என்றா.

நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி என் வயிற்றைப் பார்த்தாள்.

சேவலை மாமி திரும்பக் கொண்டுபோய், இரண்டு மாதம் கருவாடும் கறையானும் கொடுத்து, பளபளக்கும் வாலோடு முருகனிடம் விட்டா. அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அது இன்றும் சுடுகிறது.

இப்போது பளபளப்பது என் உச்சந்தலைதான். மாமி கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில், மாமா என் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு கூடப் போட்டுவிட்டு, என் தலையைப் பார்த்துச் சொல்வார்:

"ஒரு பை திண்டும் முளைக்கேல்லை. சேவலுக்குக் குடுத்திருந்தால் முளைச்சிருக்கும்."