அரைவாசி அண்ணையும் கண்ணாடி பார்த்த மீனும்

எங்கள் ஊர் கொழும்புத்துறையில் பாதி வெட்டிய தலையோடு தெருவில் நின்று தேநீர் குடிக்காத ஆண்பிள்ளை எவனும் இல்லை. அப்படி ஒருவன் இருந்தால் அவன் வழுக்கையாக இருக்கவேண்டும், அல்லது எங்கள் ஊரில் பெண் எடுத்த வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும். மற்ற அத்தனை பேரும் அரைவாசி அண்ணையின் சலூனில் ஒரு தடவையாவது அந்தப் பேறு பெற்றவர்கள்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. கடைப் பலகையைப் பார்த்து அறியலாம் என்றால், அதில் 'சலூ' வரைக்கும்தான் வர்ணம் அடித்திருந்தார். தலையும் அப்படித்தான். இடது பக்கத்தை முடித்து வலது பக்கம் வரும்போது அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "இருங்கோ, இந்தா வாறன்" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவார். நாங்கள் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு பக்கத்துத் தேநீர்க்கடைக்குப் போவோம். அங்கே ஏற்கெனவே இரண்டு வெள்ளைத் துணி நிற்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், பிளேட் வாங்க ரவுன் கடைத்தெருவுக்குப் போனவர், பிளேட் இல்லாமல், ஒரு ஜாம் போத்தலுக்குள் பைட்டர் மீன் ஒன்றோடு திரும்பி வந்தார். நீல உடம்பு, சிவப்புச் செட்டை, விரலளவுதான். அப்போது நான் கதிரையில், இடது பக்கம் மட்டும் முடிந்த நிலையில் இருந்தேன்.

"தம்பி, இவருக்கு ஒரு தொட்டி செய்யப்போறன். உள்ளுக்குச் செடியெல்லாம் நட்டு, ஒரு தோட்டம் மாதிரி" என்றார்.

"அண்ணைக்கு உது தெரியுமோ?"

"யூரியூப்பில பாத்தனான். அரைவாசி பாத்தனான். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

பார்த்த அரைவாசிப்படி காரியங்கள் நடந்தன. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. கடைக்குள் சீப்பும் பவுடரும் வைக்கும் பலகையில், பெரிய முகக்கண்ணாடிக்கு முன்னால் அதை இருத்தினார். அடியில் செம்மண், மேலே கழுவிய மணல், கொழும்பிலிருந்து பார்சலில் வந்த செடிகள். அழகுக்கு என்று கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களையும் அடுக்கினார். ஒரு கிழமைக்குள் செடிகள் கீரைக்கறியாகக் குழைந்துபோயின. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே தேநீர்க் கேத்தலில் படியும் அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. போதாததற்குக் கல்லில் இருந்தும் கரைந்தால் செடி என்ன செய்யும் என்று விவசாயம் படித்த ஒருவர் விளக்கினார். அவரும் அரைத் தலையோடுதான் விளக்கினார்.

இத்தோடு விட்டுவிடுவார் என்று ஊரே நினைத்தது. அவர் கற்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, மாரி மழைக்குக் கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்தார். புதுச் செடிகள் நட்டார். உடனே மீனை விடவும் கூடாதாம். ஊத்தையைத் தின்னும் கிருமிகள் முதலில் தொட்டிக்குள் குடிவர ஒரு மாதம் செல்லுமாம். அந்த ஒரு மாதமும் மீன் அவருடைய வீட்டில் போத்தலிலேயே இருந்தது. தினமும் தண்ணீர் மாற்றினார். இலை ஒன்று புதிதாக விட்டால், கதிரையில் இருந்தவனை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். மாத முடிவில் மீனைத் தொட்டியில் விட்டார். அரைவாசி அண்ணை ஒரு காரியத்தை முழுதாகச் செய்து முடித்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

முதல் இரண்டு நாளும் மீன் செடிகளுக்குள் ஒளிந்திருந்தது. மூன்றாம் நாள் சனி பிடித்தது. பைட்டர் மீன் இன்னொரு பைட்டரைக் கண்டால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போகும். இங்கே தொட்டிக்குப் பின்னால் ஒரு முகக்கண்ணாடி, எதிர்ச்சுவரில் இன்னொன்று. மீன் திரும்பிய பக்கமெல்லாம் தன்னைக் கண்டது. விடியத் தொடங்கிய சண்டை கடை பூட்டும் வரை நடந்தது. சாப்பாட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செட்டை கிழிந்து, நிறம் வெளிறி, ஆள் பாதியானது. யூரியூப்பில் மிச்ச அரைவாசியை அப்போதுதான் பார்த்தார். முதல் வசனமே, கண்ணாடிக்குக் கிட்ட வைக்கவேண்டாம் என்பதுதான்.

தொட்டியின் பின்பக்கம் கடதாசி ஒட்டினார். மீன் எதிர்ச்சுவர்க் கண்ணாடியோடு சண்டைக்குப் போனது. முன்பக்கமும் ஒட்டினால் பிறகு கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

"தொட்டியை வீட்டுக்குக் கொண்டு போங்கோவன்" என்றேன்.

"தண்ணி இறைச்சு, மண்ணைக் கிளப்பித்தான் தூக்கவேணும். செடி வேர் பிடிச்சிட்டுது தம்பி." கத்தரிக்கோலைத் துடைத்தார். "சண்டைக் காலத்தில நான் நாலு இடத்தில கடை போட்டனான். நாலையும் அரைவாசியில விட்டிட்டு ஓடி வந்தனான். வேர் பிடிச்சதை இனிக் கிளப்பமாட்டன்."

மறுநாள் இரண்டு முகக்கண்ணாடிகளையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்.

எதிரே புதிதாக ஏசிச் சலூன் ஒன்று திறந்திருந்த காலம் அது. அங்கே கூரையைத் தவிர மற்ற எல்லாமே கண்ணாடி. முகம் பார்க்கமுடியாத சலூனில் தலையைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். நாளைக்குக் கலியாணம் என்று வந்த மாப்பிள்ளை ஒருவர் துணியைப் பார்த்துத் திகைத்தார்.

"அண்ணை, நான் எப்பிடி என்ரை முகத்தைப் பாக்கிறது?"

"நாளைக்கு உம்மைத்தான் முழுச்சனமும் பாக்கப்போகுது. நீரும் பாக்கவேணுமோ?"

மாப்பிள்ளை பாதித் தலையோடு எதிர்க்கடைக்குப் போனார். மிச்சத்தை அவர்கள் வெட்டினார்கள். கலியாணப் படங்களில் அவர் ஒரு பக்கம் மட்டுமே காட்டி நிற்பதாகக் கேள்வி.

எனக்கே பொறுக்கவில்லை. "ஒரு மீனுக்காகக் கடையை இழக்கப்போறியளோ? கண்ணாடி இல்லாமல் சலூனோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கெல்லாம் வீட்டில கண்ணாடி இருக்குத்தானே. இவருக்கு வீடே இதுதான்."

மீன் அப்போதும் தொட்டியின் மூலையில் சாய்ந்தபடி கிடந்தது. பிழைக்குமா என்பதே சந்தேகம். ஆறு கிழமையில் அரைவாசிப் பேர் போய்விட்டோம். 'விட்டோம்' என்று எழுதியது கை தவறியல்ல. நானும் ஒரு தடவை எதிரே போனேன். குளிராக இருந்தது. நாலு பக்கமும் என் முகமே தெரிந்தது. ஒரே மூச்சில் வெட்டி முடித்து அனுப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அடுத்த மாதம் அரைவாசி அண்ணையிடமே திரும்பினேன். எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. துணியைக் கட்டி இடது பக்கம் தொடங்கினார். முடிக்கிற நேரம் கை நின்றது.

"தம்பி, எழும்பி வாங்கோ. சத்தம் போடாமல் வாங்கோ."

தண்ணீரின் மேல், ஓர் இலையின் கீழே, சின்னச் சின்ன நுரைக்குமிழிகள் கூடாகத் திரண்டு இருந்தன. மீன் வாயில் காற்றை எடுத்துவந்து ஒவ்வொரு குமிழியாகச் சேர்த்தது. கிழிந்த செட்டை ஓரங்களில் புதிதாக வளர்ந்திருந்தது.

"கூடு கட்டுறார். இடம் பிடிச்சால்தான் கட்டுவினமாம்" என்றார். இரண்டு பேரும் குனிந்து நின்று பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் என் கழுத்துத் துணியை அவிழ்த்தார், நான் சந்தோஷமாகச் சைக்கிளை எடுத்தேன்.

ஏசிச் சலூனைக் கடக்கும்போதுதான் அதன் கதவுக் கண்ணாடியில் என்னைக் கண்டேன். இடது பக்கம் வெட்டியாகிவிட்டது. வலது பக்கம் காடு. உள்ளே இருந்தவர் பரிதாபப்பட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி என்னைச் சுற்றிவந்து பார்த்தாள். "இந்தக் கோலத்தோட நாளைக்குக் கந்தோருக்கு வேலைக்குப் போவியளோ? அந்த ஏசிக் கடையிலயாவது மிச்சத்தை வெட்டிக்கொண்டு வாங்கோ."

"இல்லை, நாளைக்கு விடிய அண்ணையிட்டையே போறன்" என்றேன். மறுபடி அங்கே போவதற்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.