பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் எடுத்த குரங்குப் பாடம்

படித்ததை உடனே யாரிடமாவது ஒப்பிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வியாதியால் பலர் பேஜாராகி எழுந்து போயிருக்கிறார்கள், அதில் வருத்தமில்லை. ஒருமுறை மட்டும் எழுந்து போனது என் அக்காவின் கல்யாணம்.

எழுபதுகளின் தொடக்கம். வீடு இரும்புலியூரில். நான் தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். (பாதிதான் படித்திருந்தேன். பேச்சில் முழு டாக்டர்.) அந்த மாதம் என் தலைக்குள் குடியிருந்தது ஆப்பிரிக்காவின் பபூன் குரங்கு.

எஸ்தர் அக்கா சைதாப்பேட்டையில் டீச்சர். எட்டேகால் எலெக்ட்ரிக் ரயிலில், குரோம்பேட்டையில் ஏறும் ஒருவரோடு ஒன்றரை வருடமாகப் பேசிவந்தாள். எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவரே தன் வீட்டில் சொல்லி, முறைப்படி பெண் பார்க்க வர ஏற்பாடு செய்துவிட்டார்.

"இது ஒண்ணு நல்லபடியா முடியணும்டா. நீ மட்டும் வாயத் திறக்காத" என்றாள் அக்கா, அன்று காலை சர்ச்சுக்குப் போகும் வழியில். தலையாட்டினேன்.

மாலை வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முன்னால், அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஆன்ட்டி, கடைசியில் மாப்பிள்ளை. சிறு ஜெபம் முடிந்ததும் எங்கள் அப்பா பெருமையாக, "பையன் குரங்கைப் பத்திப் படிக்கிறான்" என்றார்.

"குரங்குல படிக்க என்ன தம்பி இருக்கு?"

அங்கிள் மரியாதைக்குக் கேட்டார். நான் பதில் சொன்னேன், இருபது நிமிடம்.

"ஹமாத்ரியாஸ்னு ஒரு பபூன், அங்கிள். ஒரு ஆண், நாலஞ்சு பெண், அது ஒரு குடும்பம். சில குடும்பம் சேர்ந்தா ஒரு குலம். குலங்க சேர்ந்தா ஒரு குழு. சாயங்காலமானா எல்லாக் குழுவும் ஒரே பாறையில வந்து தங்கும். நம்ம ஜெபக்குழு, சபை, கன்வென்ஷன் மாதிரி."

அங்கிளுக்கு அது பிடித்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காபித் தட்டோடு வந்த அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். மடையன் நான், அவள் என்னை உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"கல்யாணமாகாத ஆண், ஒரு தலைவர் பின்னாடியே பவ்யமா நடந்துக்கிட்டு இருக்கும், அவருக்கு வயசாகட்டும்னு." (மாப்பிள்ளை காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.) "பெண்ணு ரெண்டடி தள்ளிப் போனாலே ஆண் முறைக்கும். உடனே வரலைன்னா பிடரியில ஒரு கடி. கடிச்சவன் பின்னாடியே அது ஓடி வரும்."

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி எழுந்து, ஜன்னலோரம் இருந்த குரோட்டன்ஸ் செடியைப் பார்க்கப் போனார். அங்கிள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க வந்து உக்காரு."

ஆன்ட்டி வந்து உட்கார்ந்தார்.

"இதேதான் அங்கிள்" என்றேன். "கடி ஒண்ணுதான் பாக்கி."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். முந்தானையால் வாயை மூடியும் அடங்காமல், தோள் குலுங்கச் சிரித்தார். என்னை அங்கிள் மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை அவரால் மன்னிக்க முடியவில்லை. "நேரமாச்சு" என்று எழுந்தார். மாப்பிள்ளை அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னாலேயே போனார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'ஜெபித்துப் பார்த்தோம். தேவசித்தம் இல்லை என்று உணர்த்தப்பட்டோம்.' ஆண்டவரே வேண்டாம் என்று சொன்னதாக எழுதிவிட்டால் எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்பா அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த திங்கள் முதல் ஏழு மணி வண்டிக்கு, லேடீஸ் பெட்டிக்கு மாறிவிட்டாள். பிறகு வந்த வரன்களுக்கெல்லாம் தேவசித்தம் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எவன் மனைவியை அதட்டிக் கூப்பிட்டாலும், அப்போது பிறந்தேயிராத பொடிசுகள்கூட "கடி ஒண்ணுதான் பாக்கி" என்கிறார்கள். கதையை எல்லாரையும்விட நன்றாகச் சொல்வது அக்காதான். ஆன்ட்டி மாதிரியே சிரித்தும் காட்டுவாள். "அந்த வீட்டுக்குப் போகாம தப்பிச்சேன்" என்று முடிப்பாள். வீடே சிரிக்கும்.

போன கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் கிளம்பிய பிறகு, "நிஜமாவே தப்பிச்சியாக்கா?" என்று கேட்டேன்.

கேக் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவர் அவங்கப்பா மாதிரி இல்லடா."